வட்டியில்லாப் பணம், வாடகையில்லா வீடு

“பணத்துக்கு வட்டி கிடையாது, வீட்டுக்கு வாடகை கிடையாது.” போக்கியத்துக்கு வீடு பேசப் போனால் தரகர் முதலில் சொல்வது இதைத்தான். ஐந்து லட்சமோ பத்து லட்சமோ மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். பேசிய இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு மாத வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது கொடுத்த தொகை அப்படியே திரும்பி வரும். மதுரைப் பக்கம் ஒத்தி என்பார்கள், சென்னையில் லீஸ் என்பார்கள். பெயர் எதுவானாலும் ஏற்பாடு இதுதான்.

மாதம் பிறந்தால் வாடகை கொடுக்க வேண்டாம் என்கிற நிம்மதியில் பலர் ஒன்றைக் கவனிக்காமல் விடுகிறார்கள். போக்கியத்துக்குப் போகிறவர் வெறும் குடித்தனக்காரர் அல்ல, வீட்டுக்காரருக்குப் பெரிய தொகையைக் கடனாகக் கொடுத்தவர். வீடு பார்க்கும்போது தண்ணீர் வருமா, காற்று வருமா, பள்ளிக்கூடம் பக்கமா என்று பார்க்கிறோம். கடன் கொடுப்பவர் பார்க்க வேண்டியவை வேறு. இந்த ஆளால் திருப்பித் தர முடியுமா, தராவிட்டால் என்ன பிடிமானம், நமக்கு முன்னால் இந்தச் சொத்தின்மேல் யாருக்குப் பாத்தியதை என்பவை அவை.

சட்டம் என்ன சொல்கிறது?

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் அடமானங்களை வகை பிரிக்கிறது. 58ஆம் பிரிவில் வரும் ஒரு வகை இது. கடன் வாங்குபவர் சொத்தைக் கடன் கொடுத்தவரின் கையில் ஒப்படைக்கிறார். கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக அந்தச் சொத்தை அனுபவிக்கிறார். பணம் திரும்பி வரும்வரை சொத்தைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். பத்திரப் பதிவில் இதைச் சுவாதீன அடமானம் என்பார்கள். வயலையும் தோப்பையும் ஒத்திக்கு விடுவது நம் ஊர்களில் பழைய வழக்கம். யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டம் டச்சுக்காரர் ஆட்சியில் 1707இல் தொகுக்கப்பட்டபோதே ஒற்றி அதில் இடம்பெற்றுவிட்டது. வயலுக்கு இருந்த ஏற்பாடு நகரத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறது.

இந்தச் சட்டத்தில் இரு தரப்புக்கும் ஒவ்வொரு பாதுகாப்பு உண்டு. பணம் வராமல் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதில்லை என்பது கொடுத்தவருக்கு. பணத்தைக் கட்டியதும் சொத்தை மீட்கும் உரிமை வீட்டுக்காரருக்கு. “குறித்த தேதிக்குள் பணம் தராவிட்டால் வீடு எனக்கே சொந்தம்” என்று ஒத்திப் பத்திரத்தில் எழுதி வாங்கினாலும் அந்த நிபந்தனை செல்லாது. இந்த வகை அடமானத்தில் மீட்பதற்கான கெடு பத்திரம் எழுதிய தேதியிலிருந்து ஓடத் தொடங்குவதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்திருக்கிறது. பல ஆண்டுகள் குடியிருந்துவிட்டதாலேயே ஒத்திக்காரர் சொத்துக்கு உரிமையாளராகிவிட முடியாது.

காசுக் கணக்கு

போக்கியம் லாபமா நட்டமா என்று பார்க்க எளிய வழி, அதை வட்டிக்கணக்காக மாற்றிப் பார்ப்பது. வாடகைக்கு விட்டால் மாதம் 8,000 ரூபாய் போகக்கூடிய வீட்டுக்குப் போக்கியத் தொகை 10 லட்சம் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு மாதம் எண்பது காசு வட்டி, ஆண்டுக்கு 9.6 சதவீதம். அதே 10 லட்சத்தை வங்கி வைப்பில் 7 சதவீதத்துக்குப் போட்டால் ஆண்டுக்கு 70,000 ரூபாய் வரும், அதற்கு வருமான வரியும் உண்டு. மிச்சப்படும் வாடகையோ 96,000. ஆக, குடிபோகிறவருக்கு ஆண்டுக்கு 26,000 ரூபாய் ஆதாயம்.

வீட்டுக்காரருக்கும் இதில் நட்டம் இல்லை. வெளியே ஒன்றரை வட்டி, இரண்டு வட்டிக்கு வாங்க வேண்டிய பணம் எண்பது காசுக்குக் கிடைக்கிறது. சம்பளச் சான்றும் வேண்டாம், மாதத் தவணையும் வேண்டாம். மாடி எடுக்க, மகள் கல்யாணத்துக்கு, பழைய கடனை அடைக்க என்று ஏதோ ஒரு பணத்தேவை இருப்பவர்தான் பெரும்பாலும் வீட்டைப் போக்கியத்துக்கு விடுகிறார்.

தொகை மாறினால் கணக்கும் மாறிவிடும். அதே வீட்டுக்கு 15 லட்சம் கேட்டால் வட்டி ஐம்பத்து மூன்று காசுக்கு இறங்கிவிடுகிறது. ஆண்டுக்கு 6.4 சதவீதம். பணத்தை வங்கியில் போட்டுவிட்டு அந்த வட்டியில் வாடகை கட்டுவது மேல். கையில் பணம் இல்லாமல் நகையை அடகு வைத்துப் போக்கியத்துக்குப் போவது இன்னும் மோசம். ஒரு ரூபாய் வட்டிக்கு 10 லட்சம் வாங்கினால் மாதம் 10,000 வட்டி கட்ட வேண்டும். 8,000 ரூபாய் வாடகையை மிச்சம் பிடிக்க 10,000 செலவழித்த கதையாகிவிடும். சம்பளத்தில் வீட்டு வாடகைப்படி வாங்கி அதற்கு வரிச்சலுகை பெறுகிறவர்கள் இன்னொன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். வாடகையே கொடுக்காதபோது அந்தச் சலுகையைக் கோர முடியாது.

ரொக்கமாகக் கொடுக்காதீர்கள்

பாதித் தொகையை ரொக்கமாகக் கேட்கும் வீட்டுக்காரர்கள் இன்றும் உண்டு. வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடனாகவோ டெபாசிட்டாகவோ வாங்கக்கூடாது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அபராதம் வாங்கியவருக்குத்தான் என்றாலும், ரொக்கத்துக்குத் தடயம் இல்லாமல் போவதால் கஷ்டம் கொடுத்தவருக்கு. காசோலை, வங்கிப் பரிமாற்றம், டிமாண்ட் டிராஃப்ட் இவற்றில் ஒன்றின் மூலம் முழுத்தொகையும் போகட்டும். திரும்பி வருவதும் அப்படியே.

பணம் எங்கிருந்து திரும்பி வரும்?

வீட்டுக்காரர் உங்கள் 10 லட்சத்தைப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கப் போவதில்லை. அது மாடியாகவோ கல்யாணமாகவோ மாறியிருக்கும். கெடு முடிந்ததும், “அடுத்த ஆள் வந்ததும் வாங்கித் தருகிறேன், கொஞ்சம் பொறுங்கள்” என்பார். பொய் சொல்கிறார் என்று இல்லை, பெரும்பாலான போக்கியங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. புதிதாக வருகிறவரின் பணம் பழையவரின் கைக்குப் போகிறது. புதியவர் அதே தொகையைக் கொண்டுவரும்வரை சிக்கல் இல்லை.

அவர் குறைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத் தென்கொரியா அண்மையில் பார்த்தது. அங்கே ஜொன்சே என்கிற முறை பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது. வீட்டு மதிப்பில் பாதிக்கும் மேல் வைப்பாகக் கொடுத்துவிட்டு, பொதுவாக இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வாடகை இல்லாமல் குடியிருப்பார்கள். வீட்டுக்காரர்களில் பலர் அந்தப் பணத்தோடு சிறிது கைப்பணம் சேர்த்து அடுத்த வீட்டை வாங்கினார்கள், அதையும் ஜொன்சேக்கு விட்டு இன்னொன்று வாங்கினார்கள். 2022இல் வட்டி விகிதம் ஏறியது, வீட்டு விலையும் ஜொன்சே தொகையும் இறங்கின. புதியவர் கொடுக்கும் பணம் பழையவருக்குத் தர வேண்டியதற்குப் போதவில்லை. சியோலிலும் அதை ஒட்டிய இஞ்சியோனிலும் ஒரே ஆள் நூற்றுக்கணக்கில் வீடுகளை இப்படி வாங்கிவைத்திருந்தது வெளியே வந்தது. ஏமாந்தவர்களில் இளவயதினர் ஏராளம். 2023இல் அந்நாட்டு நாடாளுமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கென்றே ஒரு சிறப்புச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

கொரியாவில் குடியிருப்பவருக்குப் பாதுகாப்பே இல்லை என்று சொல்ல முடியாது. முகவரி மாற்றத்தைப் பதிந்து, ஒப்பந்தத்தில் உள்ளூர் அரசு அலுவலகத்தின் தேதி முத்திரையைப் பெற்றுவிட்டால், வீடு ஏலத்துக்குப் போகும்போது பின்னால் வந்த கடன்காரர்களை முந்தித் தன் பணத்தைக் கோரலாம். ஆனால் வீட்டின் மதிப்பே அதன்மேல் ஏற்றிய கடன்களுக்குப் போதாதபோது வரிசையில் முன்னால் நின்றும் முழுத்தொகை வராது. பத்திரம் சரியாக இருக்கிறதா என்பதோடு, வீட்டின் மதிப்பு உங்கள் தொகையையும் உங்களுக்கு முன்னால் உள்ள கடன்களையும் தாங்குமா என்பதையும் பார்க்க வேண்டும்.

நோட்டரி முத்திரை போதாது

நம் ஊரில் வழக்கமாக நடப்பது இது. நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் தட்டச்சாகும். இருவரும் கையெழுத்துப் போடுவார்கள், இரண்டு சாட்சிகள் போடுவார்கள், நோட்டரி வழக்கறிஞர் சிவப்பு முத்திரை குத்துவார். காகிதம் கனமாகத் தெரிந்தாலும் அது பதிவான பத்திரம் அல்ல. நூறு ரூபாயோ அதற்கு மேலோ உள்ள தொகைக்கு இப்படி அடமானம் வைத்தால் அதைப் பத்திரம் எழுதிச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். 11 மாத ஒப்பந்தம் என்று போட்டுப் புதுப்பித்துக்கொண்டே போவதும் அடமானத்துக்கு உதவாது. அது வாடகை ஒப்பந்தங்களுக்குப் பதிவைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழி.

பதிவு செய்த ஒத்தி சொத்தோடு ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்காரர் வீட்டை விற்றாலும் வாங்குபவர் உங்கள் பணத்துக்கு உட்பட்டே வாங்குகிறார். வில்லங்கச் சான்றில் உங்கள் பெயர் ஏறிவிடுவதால், உங்களுக்குப் பின்னால் கடன் கொடுக்க வரும் வங்கிக்கும் அது தெரியும். பதிவு இல்லாத காகிதத்தை வைத்து அடமான உரிமையை நிலைநாட்ட முடியாது. பணம் கொடுத்ததற்குத் தடயமாக அது உதவலாம், அவ்வளவே. அப்போது நீங்கள் பிடிமானம் இல்லாமல் கைமாற்றுக் கொடுத்தவர். பணத்துக்காக வழக்குப் போட பொதுவாக மூன்று ஆண்டுகள்தான் அவகாசம்.

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் ஏன் பலர் பதிவதில்லை? காரணம் செலவு. தமிழ்நாட்டில் சுவாதீன அடமானத்துக்கு முத்திரைத் தீர்வை தொகையில் 4 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம். 10 லட்சத்துக்கு 50,000 ரூபாய். மேலே சொன்ன வீட்டுக்கு மூன்று ஆண்டு ஆதாயம் 78,000. அதில் 50,000 போனால் கையில் நிற்பது 28,000. இதனால்தான் தரகரும், “பதிவெல்லாம் எதற்கு சார், தண்டச் செலவு” என்கிறார். செலவை இருவரும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொள்வதும், காலத்தை ஐந்து ஆண்டாக நீட்டி ஆண்டுச் சுமையைக் குறைப்பதும் இதற்கான வழிகள். பத்து லட்சத்துக்கான காப்பீட்டுத் தொகை என்று நினைத்துக்கொண்டால் இந்த ஐம்பதாயிரம் அவ்வளவு உறுத்தாது. கட்டண விகிதங்களை அரசு அவ்வப்போது மாற்றுவதால், பதியும் நேரத்தில் பதிவுத்துறை இணையதளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு முன்னால் யார்?

பணம் பேசுவதற்கு முன்பே வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். பதிவுத்துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆவண எண், தேதி, தன்மை, எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் என்று கட்டம் கட்டமாக வரும். பார்க்க வேண்டியது ‘தன்மை’ என்கிற கட்டத்தை. அங்கே ‘உரிமை ஆவணங்களின் ஒப்படைப்பு’ என்று ஒரு பதிவு இருந்து, எழுதிவாங்கியவர் இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால், வீட்டுப் பத்திரம் வங்கியில் அடமானத்தில் இருக்கிறது என்று பொருள். அதற்குப் பிந்தைய தேதியில் கடன் தீர்ந்ததற்கான ரசீது பதிவாகியிருக்கிறதா என்று தேடுங்கள். சான்று சுத்தமாக இருந்தாலும் மூலப்பத்திரத்தைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். நகலையே காட்டிக்கொண்டிருந்தால் மூலம் வேறெங்கோ இருக்கிறது என்று சந்தேகப்படுவதில் தவறில்லை.

வங்கிக் கடன் உள்ள வீட்டில் உங்கள் ஒத்தி இரண்டாம் இடத்தில்தான் நிற்கும். அடமானத்தில் உள்ள வீட்டை அதன் உரிமையாளர் குத்தகைக்கு விடுவதற்கே சட்டம் எல்லை வைத்திருக்கிறது. கட்டடத்துக்கு மூன்று ஆண்டுக்கு மேல் போகக்கூடாது, நியாயமான வாடகை இருக்க வேண்டும், மொத்தத் தொகையோ முன்கூட்டிய வாடகையோ வாங்கக்கூடாது. போக்கியத்தின் உயிர்நாடியே அந்த மொத்தத் தொகைதான். ஆகவே வங்கியின் ஒப்புதல் இல்லாத போக்கியம் வங்கியைக் கட்டுப்படுத்தாது. வீட்டுக்காரர் தவணை கட்டத் தவறினால், 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, பிறகு சொத்தைக் கையகப்படுத்தலாம். உள்ளே குடியிருப்பவருக்கு விஷயம் தெரிவதே பெரும்பாலும் வங்கிக்காரர்கள் சுவரில் நோட்டீஸ் ஒட்டும்போதுதான். “கடன் இருக்கிறது, உங்கள் பணத்தை வைத்துத்தான் அடைக்கப் போகிறேன்” என்று வீட்டுக்காரர் வெளிப்படையாகச் சொன்னால், பணத்தை அவர் கையில் கொடுக்காமல் நேராக அவருடைய கடன் கணக்கிலேயே கட்டி, பத்திரத்தை வங்கி விடுவித்த பிறகு ஒத்தியைப் பதியலாம்.

யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதையும் பாருங்கள். அப்பா பெயரில் உள்ள வீட்டில் அவர் காலமான பிறகு மூத்த மகன் மட்டும் கையெழுத்துப் போட்டால் போதாது, வாரிசுகள் எல்லோரும் போட வேண்டும். வெளிநாட்டில் இருப்பவருக்காகப் பொது அதிகாரம் பெற்ற முகவர் போடுகிறார் என்றால், அடமானம் வைக்கவும் பணம் பெறவும் அந்தப் பத்திரம் அதிகாரம் கொடுக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

நடுவில் வருகிறவர்கள்

சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களில் இன்னொரு வகை ஏமாற்று உண்டு. ஒரு நிறுவனம் உரிமையாளரிடம் வீட்டை மாத வாடகைக்கு எடுக்கும். அதே வீட்டைக் குடும்பம் ஒன்றுக்கு லீஸுக்கு விட்டு மொத்தத் தொகையைத் தான் வாங்கிக்கொள்ளும். சில மாதங்கள் உரிமையாளருக்கு வாடகை ஒழுங்காகப் போகும். ஒருநாள் நின்றுவிடும், அலுவலகமும் பூட்டிக்கிடக்கும். உரிமையாளர் கதவைத் தட்டி, “வாடகை வரவில்லை, காலி செய்யுங்கள்” என்பார். “பத்து லட்சம் கொடுத்திருக்கிறோமே” என்று உள்ளே இருப்பவர் அழுவார். இருவரும் ஏமாந்தவர்கள். உரிமையாளரை நேரில் பார்க்காமல், அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் கட்டாமல் ஒரு ரூபாய்கூட நகரக்கூடாது.

பத்திரத்தில் என்னென்ன எழுதவேண்டும்?

தொகை, அது கொடுக்கப்பட்ட வங்கிப் பரிமாற்ற விவரம், காலக்கெடு, எத்தனை மாத முன்னறிவிப்பு ஆகியவை எல்லாரும் எழுதுபவை. விட்டுப்போகிறவை வேறு. கெடு முடிந்தும் பணம் வராவிட்டால் பணம் வரும்வரை குடியிருக்கும் உரிமை தெளிவாக இருக்க வேண்டும். தாமதத்துக்கு என்ன வட்டி என்பதும் இருக்கட்டும். வேலை மாற்றலாகி ஊரைவிட்டே போக வேண்டியவருக்கு வீட்டில் இருக்கும் உரிமையால் பயன் இல்லை, வட்டிதான் உதவும். சொத்துவரி யார் கட்டுவது என்பதையும் எழுதுங்கள். ஒன்றும் எழுதாவிட்டால் அரசுக்குச் சேர வேண்டியவற்றைச் சொத்தை அனுபவிக்கும் ஒத்திக்காரர் தலையிலேயே சட்டம் வைக்கிறது. மின்கட்டணம் குடியிருப்பவருக்கு என்பதில் தகராறு வராது. மோட்டார் எரிந்தால், தளம் ஒழுகினால் யார் செலவு என்பதில்தான் வரும். பெயின்ட் அடிக்க எவ்வளவு பிடிப்பார்கள் என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

பாதிப் போக்கியம், பாதி வாடகை என்கிற வடிவமும் உண்டு. 5 லட்சம் கொடுத்து மாதம் 4,000 வாடகையும் தருவது. சிக்கும் பணம் பாதியாகிறது, பதிவுச் செலவும் குறைகிறது. ஆனால் அந்த 5 லட்சமும் கடன்தான், இதுவரை சொன்னது அத்தனையும் அதற்கும் பொருந்தும். வெறும் வாடகை வீடு என்றால் கதை வேறு. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் முன்பணத்துக்கு மூன்று மாத வாடகை என்கிற அளவை வைத்திருக்கிறது. அதோடு ஒப்பிட்டால் போக்கியத்தில் எவ்வளவு பெரிய தொகையை ஒருவரை நம்பிக் கொடுக்கிறோம் என்பது புரியும்.

காலி செய்யும் நாள் பணமும் சாவியும் ஒரே மேசையில் கைமாற வேண்டும். “சாவியைக் கொடுத்துவிட்டுப் போங்கள், புது ஆளுக்கு வீட்டைக் காட்டிவிட்டு வாரக் கடைசியில் போட்டுவிடுகிறேன்” என்பதற்கு இணங்காதீர்கள். சாவி போனால் சுவாதீனம் போயிற்று, உங்கள் கையில் இருந்த முக்கியமான பிடிமானமும் அதோடு போயிற்று. வீட்டுக்காரர் தரப்பிலும் ஒரு கவனம் வேண்டும். பணத்தைக் கொடுத்ததும் கடன் தீர்ந்த ரசீதைப் பதிந்துகொள்ளாவிட்டால், பல ஆண்டுகள் கழித்து வீட்டை விற்கும்போது பழைய ஒத்தி வில்லங்கச் சான்றில் வந்து நிற்கும்.

கடைசியாக, வீட்டுக்காரர் பதிவுக்குச் சம்மதிக்கவில்லை என்றால் செலவுக்காகத்தான் தயங்குகிறாரா என்று கேளுங்கள். முழுச்செலவையும் நானே ஏற்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் மறுத்தால், அவருக்குப் பிடிமானம் இல்லாமல் பத்து லட்சம் கைமாற்றாகக் கொடுப்பீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கொடுக்க மாட்டேன் என்பது பதிலானால், அந்த வீட்டுக்கு மாத வாடகை பேசுங்கள், அல்லது வேறு வீடு பாருங்கள்.